ஆறாத உலை

பேட்டரிக்கான கறுப்புத்தூளைச் சுட்ட உலை மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. அந்த வெதுவெதுப்பில் உலைக்காரிக்குக் கண் சொருகியது. துகள்களெல்லாம் குழந்தைகளைப்போல ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்குவதாகக் கனவு. திடீரென முகத்தில் அனல் அடித்தது. சோதனை அறையில் வேலை பார்க்கும் நாத்தனார் உலைக் கதவைத் திறந்துவிட்டிருந்தாள்.

"இன்னைக்கே சோதிச்சாகணும் அண்ணி. இல்லேன்னா உலையை அடுத்த குழுவுக்குக் குடுத்துடுவாங்க."

"ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. சட்டுனு குளிர்ந்தா துகள் விரிசல் விட்டுடும். அதுல செஞ்ச பேட்டரி நாலே மாசத்துல நாக்கைத் தள்ளிடும்."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"செத்தப்புறம் எல்லாருக்கும் தெரியும்."

உலைக்காரி இடுக்கியால் தட்டை எடுத்து, விரிசல் விட்ட தூளைக் கழிவு டப்பாவில் கொட்டினாள். புதுத்தூளை வைத்து மறுபடி சூடேற்றினாள்.

நாத்தனார் முறைத்தாள். பிறகு, இன்னும் ஒரு நாள் உலையை இரவல் கேட்க, அடுத்த குழுவைத் தேடிப் போனாள்.