மங்கல் கண்ணாடியில் பென்சில் கோடு

...இல்லை, இந்தக் கோடு இந்தப் பக்கம் இருக்கக் கூடாதே, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தூசி என்று நினைத்து விரலால் துடைத்தேன், விரல் நுனியில் கரி, பென்சில் கரி. பெரிய கேமராவின் முதுகில் இருக்கும் இந்த மங்கல் கண்ணாடிக்கு ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் சொரசொர. நேர் பார்க்க என்று தங்கச்சி எப்போதோ கோடு போட்டாள், பென்சில் சொரசொரப்பில்தான் பிடிக்கும். அந்தப் பக்கம் லென்ஸைப் பார்த்து உள்ளே இருக்க வேண்டும், பிம்பம் விழுவது அங்கே, பிலிம் வந்து உட்காருவதும் அதே இடத்தில். அப்படியென்றால் கோடு என் விரலுக்கு எப்படி எட்டியது? நகத்தால் கீறினேன்... சொரசொர. கடவுளே, கண்ணாடி திரும்பிக் கிடக்கிறது. இரண்டு மில்லிமீட்டர்தான் கனம், ஃபோகஸ் அவ்வளவு தள்ளிப்போனாலே போதுமே எல்லாவற்றையும் கெடுக்க...

பதினொரு வருஷம், அப்பாவின் படத்துக்குப் பிறகு இதை யாரும் தொடவில்லை. அன்று ஃபோகஸ் பார்த்தது தங்கச்சி, ஷட்டரை அழுத்தியது நான். ஒரே ஒரு பிலிம், அதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, அடுத்த வாரம் அவர் இல்லை. கழுவி எடுத்தால் நாற்காலியின் முதுகுத் துணி நூல் நூலாகத் தெரிகிறது, அப்பாவின் கண்கள் மட்டும் கலங்கிக் கிடக்கின்றன. துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் நான் என்ன கேட்டேன்? "கண்ணு அவிஞ்சா போச்சு, உனக்கெல்லாம் எதுக்குடி கேமரா?" அதோடு விட்டவள்தான், இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறாள். படம் எடுத்த அன்று காலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டியது யார்... நான். நானேதான். என்னைப் போல யார் துடைப்பார்கள் என்று பீற்றிக்கொண்டது வேறு.

"என்னக்கா, துணிக்குள்ளயே தூங்கிட்டியா?" எதிரே ஸ்டூலில் அவள்தான். அந்தப் பழைய கேமராவில் என்னை ஒன்று எடேன் என்று அவளே கேட்டு வந்திருக்கிறாள், இத்தனை வருஷம் கழித்து, ஏன்? கண்ணாடியில் தலைகீழாகச் சிரிக்கிறாள். "நான் ஆடல, அப்புறம் என்னைத் திட்டாத." நாலு ஸ்க்ரூ, ஐந்து நிமிஷ வேலை, சத்தமில்லாமல் திருப்பிப் போட்டுவிட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது... அப்போதுதான் பார்த்தேன், என் விரல் படாத மூலையில் கோடு ஏற்கெனவே கலைந்திருக்கிறது, பழைய தேய்ப்பு, என் விரலைவிட ஒல்லியாக. சொந்தக்காரர்கள் போன பிறகு அன்று சாயங்காலம் அவள் இந்த அறையில் தனியாக இருந்தாள், அரைமணி நேரம். கதவைத் திறந்து, விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே, "ஆமாக்கா, என் கண்ணுதான்" என்றாள். துடைத்தாளே, நான் பார்த்தேனே, அழுத ஈரம் என்றல்லவா நினைத்தேன், கரியா அது... "ஃபோகஸ் கிடைச்சுதாக்கா?" என்று மறுபடி கேட்கிறாள், அசையாமல், மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு. துணியை விலக்க எனக்குக் கை வரவில்லை.