மாம்பழ நிற முடிச்சு

"நீ செத்தாலும் என் கிரைண்டரை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் சாவணும்" என்று நான் யேசுதாஸிடம் சொன்னது காலை பத்து மணிக்கு. பன்னிரண்டு மணிக்கு அவன் செத்துப்போனான். மாரடைப்பு என்றார் டாக்டர். அவன் முன்னால் பலகையில் என் கிரைண்டர்தான் பிரித்துக் கிடந்தது. மோட்டார் ஒரு பக்கம், பெல்ட் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம்.

பெரிய கோபம் ஒன்றும் இல்லை. என் வாயே அப்படி. சின்ன காஞ்சிபுரத்தில் அவனுடைய ரிப்பேர் கடைக்குப் பக்கத்துக் கடையில் இருபது வருஷமாக ஜெராக்ஸ் எடுக்கிறேன். கோதண்டபாணி என்றால் நாலு தெருவுக்கும் தெரியும், இந்த வாய்க்காகத்தான். எது சொன்னாலும் சிரிக்கிறவன் யேசுதாஸ் ஒருத்தன்தான். அன்றும் சிரித்தான். "சரிண்ணா, முடிச்சுட்டுத்தான் போவேன்" என்றான்.

செவிலிமேட்டில் அடக்கம் நடந்த அன்று எங்கள் தெருவில் பாதிக் கடை திறக்கவில்லை. தறிக்காரர்கள் தறியை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். மிக்சியோ ஃபேனோ, எதைக் கொண்டுபோனாலும் ஆகாது என்று சொல்லத் தெரியாத மனுஷன். இட்லிக் கடை கிருஷ்ணம்மாள் குழி ஓரத்தில் உட்கார்ந்து, "இனிமே எங்களுக்கு யாருப்பா இருக்கறாங்க" என்று கத்தி அழுதாள். நான் அழவில்லை. வாயைத் திறந்தால் பத்து மணிக்குச் சொன்னது வெளியே வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் அவன் மனைவி மேரி கடையைத் திறந்தாள். அந்த ஷட்டர் ஏறும்போதும் இறங்கும்போதும் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். பல வருஷமாக அப்படித்தான். ஊரார் சாமான்களையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தன் ஷட்டருக்கு எண்ணெய் போட நேரமில்லை.

"அவங்கவங்க சாமானை அவங்கவங்க கைல குடுத்துடணும்ணா. எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க கூட இருங்க" என்றாள்.

மொத்தம் பத்தொன்பது சாமான்கள். யேசுதாஸுக்குச் சீட்டு எழுதும் பழக்கம் கிடையாது. தறி வீடுகளில் மிஞ்சும் பட்டு நூலை வாங்கி வைத்திருப்பான். இன்னும் முடியாத சாமானில் அரக்கு நிற நூல் கட்டுவான். முடிந்துவிட்டால் அதை அறுத்துவிட்டு மாம்பழ நிற நூல். முடிச்சைப் பல்லால் கடித்து இழுப்பான். அதனால் நூலின் நுனியில் எப்போதும் வெற்றிலைச் சிவப்பு இருக்கும்.

அன்று எல்லாச் சாமானிலும் அரக்கு நூல்தான். என் கிரைண்டரில் மட்டும் மாம்பழ நிறம். பிரித்துக் கிடந்தது முழுசாகப் பூட்டப்பட்டு, துடைத்து, பலகையின் நடுவில் உட்கார்ந்திருந்தது.

"யாரும்மா இதை முடிச்சது?"

"சாவி என் கழுத்துல இருக்குதுண்ணா. யாரு வருவாங்க?"

நூலின் நுனியைத் தொட்டேன். ஈரமாக இருந்தது. விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

மேரி மேலே பார்த்தாள். பலகைக்கு மேல் ஒரு குண்டு பல்பு தொங்கும். எந்தச் சாமான் வந்தாலும் அந்த பல்பு வழியாகத்தான் முதலில் கரண்ட் விடுவான். பளீரென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கலாக எரிந்தால், "உயிர் இருக்குதுண்ணா, பொழைச்சிக்கும்" என்பான். எதுவும் மாட்டாவிட்டால் அது எரியவே எரியாது. இப்போது பிளக்கில் ஒன்றும் இல்லை. பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தேன். அப்போதும் எரிந்தது.

"ஒயரிங் கோளாறு" என்றேன். ஜெராக்ஸ்காரனுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சத்தமே இல்லாமல் ஓடியது. என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். அந்த மாவில் சுட்ட இட்லியை நான் தொடவில்லை.

மறுநாள் காலை கிருஷ்ணம்மாளின் மிக்சியில் மாம்பழ நிற நூல். அதற்கு மறுநாள் பெருமாள் கோயில் சக்ரவர்த்தி சுவாமியின் டேபிள் ஃபேனில். ஈயம் பற்றவைக்கும் கம்பி தொட்டால் சுட்டது. கடையெல்லாம் வெற்றிலை வாசனை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மேரியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நான் சொன்ன சொல்லும்மா. அதுதான் அவனைக் கட்டிப்போட்டிருக்குது. முடிச்சுட்டுத்தான் போவேன்னான்."

"உங்ககிட்ட மட்டுமா சொன்னாரு?" என்றாள் மேரி. "வர்றவங்க எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்வாரு."

அப்படியானால் எல்லாரும்தான் வந்து அவிழ்க்க வேண்டும். என் கடையைச் சாத்திவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. ஆளாளுக்கு அவனை அவசரப்படுத்திய நாள் ஒன்று நெஞ்சில் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒருத்தர் வந்தார்கள். நூலை அறுத்தார்கள். பல்பைப் பார்த்து, "ஆச்சுபா யேசு, நீ போ" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது. இருபது வருஷமாகத் தெருவில் நின்றபடியே ஃபேனை நீட்டிய சக்ரவர்த்தி சுவாமி தன் முறை வந்த அன்றைக்குப் படியேறி உள்ளே வந்தார். "ஆயிடுத்துப்பா. போய்ட்டு வா" என்று வாய் தவறிச் சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "போ, குழந்தே, போ" என்றார். வெளியே வந்து அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அன்றுதான் அழுதேன்.

பதினெட்டுச் சாமான்கள் போயின. பலகைக்கு அடியில் ஒன்றே ஒன்று மிச்சம். மேரியின் மிக்சி, அவள் அம்மா வீட்டுச் சீர். அது நின்றுபோய் எட்டு வருஷம். ஊருக்கெல்லாம் ரிப்பேர் செய்தவன் அதற்கு மட்டும், "நாளைக்கு மேரி" என்றே ஓட்டிவிட்டான். அவள் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு நாள்தான் பாக்கி என்று நினைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் மிக்சியில் அரக்கு நூல். அடுத்த நாளும் அரக்கு நூல். ஒரு மாதம் ஆயிற்று. பல்பு ஊதுபத்தி நுனி அளவுக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. கடைசிச் சாமானோடு அவன் அல்லாடுகிறான், போகவும் முடியவில்லை, முடிக்கவும் முடியவில்லை என்று நினைத்து நினைத்துத் தினமும் போய்ப் பார்த்தேன். பத்து மணிச் சொல் நெஞ்சிலேயே கிடந்தது.

ஒரு நாள் வழக்கத்தைவிட முன்னாலேயே, விடிந்ததும் போனேன். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன்.

மேரி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மிக்சி. அதில் மாம்பழ நிற நூல் கட்டியிருந்தது. அதை பிளேடால் அறுத்தாள். மிக்சியைத் திருப்பி, மோட்டார் ஓடத் தேவையான கார்பன் துண்டை உள்ளிருந்து கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு அரக்கு நூலை எடுத்துக் கட்டினாள். அவள் காலடியில் அறுத்துப் போட்ட மாம்பழ நிற நூல்கள் முப்பதாவது இருக்கும். எல்லா நுனியும் சிவப்பு.

என்னைப் பார்த்தும் அவள் கை நிற்கவில்லை.

"தினம் புதுசா ஒரு கார்பன் போட்டு வெச்சிடறாருண்ணா."

"மேரி, பாவம்மா அவன். விட்டுடு. ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"எட்டு வருஷம் நாளைக்கு மேரி, நாளைக்கு மேரின்னாரு. நான் ஒரு நாளாவது கோச்சிக்கினேனா? இப்ப நான் சொல்றேன் நாளைக்குன்னு. அவரும் கொஞ்சம் இருக்கட்டுமே." முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "நான் பாவம் இல்லையாண்ணா?"

மெதுவாக நிமிர்ந்தேன். தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஷட்டரை இறக்கினேன். அந்தச் சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன். சத்தம் வரவில்லை. புது எண்ணெய் மினுமினுக்க வழுக்கிக்கொண்டு இறங்கித் தரையைத் தொட்டது.

கைப்பிடியில் மாம்பழ நிற நூல் ஒன்று கட்டியிருந்தது. நுனி ஈரமாக இருந்தது. அந்த ஷட்டரைச் சரிசெய்யச் சொல்லி அவனிடம் யாரும் கேட்கவில்லை.