இரும்பு குடித்த கீரைச்சாறு

டிக்கெட் எடுக்காமல் ஜன்னலை வெறிக்கிறவனை முகத்தை வைத்தே பிடித்துவிடுவாள் அந்தப் பஸ் கண்டக்டர். இன்று டாக்டர் முன்னால் அவள் கணவன் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

போன வருஷம் பக்கவாதம் ஒன்று லேசாக வந்து, அவனுடைய வெல்டிங் கையில் பாதி பலத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தது. இன்னொன்று வராமலிருக்க, ரத்தம் உறையாதபடி மாத்திரை. ஆனால் ரத்தப் பரிசோதனை அளவோ ஒரு தடவை ஏறுகிறது, மறு தடவை இறங்குகிறது.

"மாத்திரையை ஒழுங்கா போடறதில்ல போல," என்றார் டாக்டர்.

அவளுக்குச் சுருக்கென்றது. "முழுங்கினதும் வாயைத் திறக்கச் சொல்லியே பார்க்கறேன் டாக்டர். தினம் ஒரு டம்ளர் பச்சைக் கீரைச்சாறு வேற அரைச்சுத் தர்றேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "கீரையில இருக்கற வைட்டமின் கே இந்த மாத்திரையோட வேலையைக் குறைக்கும். கீரையே ஆகாதுன்னு இல்ல. தினமும் ஒரே அளவா இருந்தா, அதுக்கேத்த மாதிரி மாத்திரை குடுக்கலாம்."

"ஒரே அளவுதான்."

கணவன் செருப்பைப் பார்த்தான். "உனக்குக் காலை டூட்டின்னா, பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்."

"போயி?"

"சூடான இரும்பை முக்கற தொட்டி இருக்குல்ல..."

"பக்கவாதம் வந்தது இரும்புக்கா?"

டாக்டர் அவசரமாகத் திரும்பி, கம்ப்யூட்டரிடம் சிரித்தார். சாறு வேண்டாம், தினம் ஒரு கரண்டி வெந்த கீரை, அடுத்த வாரம் மறுபடி பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் வெடித்தாள். "குடிக்க முடியலன்னு சொன்னா வாய் தேய்ஞ்சிடுமா?"

"ஆசையா அரைச்சுத் தர்ற. உன் மனசு நோகுமேன்னு..."

"நீங்க கட்டையா விழுந்து கிடந்தா என் மனசு குளிருமா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவளுக்குத் தெரிந்த கண்டக்டர், டிக்கெட் கேட்கவும் அஞ்சி முன்பக்கம் நழுவினார். திடீர் பிரேக்கில் கணவனின் கை கம்பியிலிருந்து வழுக்கியது. அவன் சட்டைக் காலரை அவள் கொத்தாகப் பிடித்தாள். இறங்கும்வரை விடவில்லை.

வீட்டில் மீந்திருந்த சாற்றைக் கொட்டப் போனவள், முதல் தடவையாக ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். தொட்டித் தண்ணீரே தேவலை.

"இதையா குடிச்சீங்க?"

"பாதி நாள்தான்."

சிரிப்பு வந்தது. வந்த வழியே விழுங்கிவிட்டுக் கீரையை வேகவைத்தாள். தட்டில் சரியாக ஒரு கரண்டி.

"உப்பே இல்ல," என்றான் பயந்துகொண்டே.

"இப்பதான் வாய் திறக்குது. சாப்பிடுங்க."

சாப்பிட்டான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.