திறந்து கிடந்த குழாய்கள்

கணவனின் சித்தப்பா, அவள் காக்கா என்று கூப்பிடும் சமத் பட், மாடியிலிருந்து இறங்கி வந்து, கீழ்வீட்டுக் குழாய்க்கு வைக்கோல் புரி சுற்ற உட்கார்ந்தபோதே ரஹ்திக்குச் சுருக்கென்றது. கணவன் போன பிறகு எத்தனை பனிக்காலம் வந்து போயிற்று! குழாய் உறைந்தால் அவள்தான் வெந்நீர் ஊற்றுவாள், அவள்தான் கந்தல் சுற்றுவாள். மேலே இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்ததில்லை.

"என்ன காக்கா, திடீர்னு கீழ் வீட்டு மேல பாசம்?"

"பாசத்துக்கு நேரம் காலம் உண்டா? உன் மாமனார் காலத்து இரும்புக் குழாய். ஒரு குளிருக்குத் தாங்காது." புரிமேல் சாக்கைச் சுற்றிக் கம்பியால் முறுக்கினார். "நீயும் ஜம்முவுக்குப் போ. மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கால்ல? பெருங்குளிர் நாப்பது நாளும் அங்க வெயில் காய்ஞ்சிட்டு வா."

அங்கேதான் இருந்தது விஷயம். இந்தப் பழைய மண்ணும் மரமுமான வீட்டை இடித்துச் சிமெண்டில் கட்ட வேண்டும் என்று போன இலையுதிர் காலத்திலேயே அவர் கேட்டார். என் பங்கில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள். ஸ்ரீநகரில் அவளுக்கென்று இருப்பது இந்தக் கீழ்த்தளம் ஒன்றுதான். ஒரு தடவை வெளியே கால் வைத்தால், திரும்பி உள்ளே வைக்க விடுவார்களா?

ஆனாலும் மகள் தில்ஷாதா போனில் அழுதாள். பிரசவம் நெருங்குகிறது. போகாமல் தீராது.

கிளம்பும் அன்று காலை சமத் மாடிப்படிக்கு அடியில் இருந்த கீழ்வீட்டு வால்வை மூடினார். தரையோரம் இருந்த வடிகுழாயைத் திறந்தார். பிறகு சமையலறை, குளியலறை என்று ஒன்று விடாமல் எல்லாக் குழாயையும் திறந்து வைத்தார்.

"இது எதுக்கு?"

"காலி வீட்டுக் குழாய்ல சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது. வடியட்டும், மூடாத. சாவியைக் குடு. வெடிச்சா பூட்டை உடைக்கிறதா நானு?"

சாவியைக் கொடுத்தாள்.

அவர் வண்டி பிடிக்கப் போனதும் வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தாள். எல்லாக் குழாய்களும் வாயைப் பிளந்து கிடந்தன. அவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நாம் போனதும் இவர் வால்வைத் திறந்துவிட்டால்? எல்லா அறையிலும் தண்ணீர் கொட்டும். மண்சுவர் எத்தனை நாள் நிற்கும்? சுவர் சரிந்தால் அப்புறம் இடிக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? குழாய் தானாக வெடித்தது என்று சொல்லிவிடலாமே.

ஒவ்வொன்றாக இறுக மூடினாள். குளியலறைக் குழாயைத் துணி போட்டு முறுக்கினாள். கணப்புச் சட்டிச் சாம்பலை எடுத்து வாசல்படிக்கு உள்ளே தூவினாள். எவன் நுழைந்தாலும் கால் தடம் சொல்லட்டும்.

வண்டி காஸிகுண்ட் தாண்டவில்லை. மலையில் பனி, பாதை அடைப்பு. ஓர் இரவு முழுக்க வண்டியிலேயே விறைத்துக் கிடந்துவிட்டு மறுநாள் மதியம் வீட்டு முன் வந்து இறங்கினாள். மகளுக்கு ஆண் குழந்தை, இருவரும் நலம் என்று வழியிலேயே போன் வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தைக்கூட முழுசாக அனுபவிக்க முடியவில்லை. வீட்டுக் கதவு திறந்திருந்தது.

சாம்பலில் இரண்டு பேரின் பூட்ஸ் தடம்.

உள்ளே சமத் அளவு நாடாவின் ஒரு நுனியைச் சுவரில் அழுத்திப் பிடித்திருந்தார். மறு நுனி யாரோ ஒரு காண்ட்ராக்டர் கையில். அவளைக் கண்டதும் நாடா சர்ரென்று சுருண்டது.

"வந்துட்டியா? பாதை..."

"பாதை அடைச்சதால பொழைச்சேன். எத்தனை அடி இருக்கு காக்கா என் வீடு?"

சமத் முகம் சிவந்தது. "அதை அப்புறம் பேசலாம். முதல்ல உன் குழாயைப் பாரு! ராத்திரி துப்பாக்கி வெடிச்ச மாதிரி சத்தம். ஓடி வந்தேன். யாரு எல்லாத்தையும் மூடினது?"

குளியலறைச் சுவரோரம் சாக்கையும் கிழித்துக்கொண்டு குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. பிளவில் பனிக்கட்டி பல்லிளித்தது.

"நான்தான். ஏன், கீழதான் வடியத் திறந்து விட்டீங்களே?"

"மேல காத்து புகுந்தாத்தான் கீழ தண்ணி வடியும். மேல வாயை அடைச்சா அப்படியே தொங்கி நிக்கும், உறையும், வெடிக்கும். தெரு நாய்க்குக்கூடத் தெரியும் இந்த ஊர்ல!"

அவளுக்கும் தெரியும். இந்த ஊரிலேயே பிறந்தவள். சந்தேகத்தில் மறந்து போயிற்று. ஆனால் அந்த நாடா இன்னும் கண் முன்னே இருந்தது.

"சரி, குழாயை உடைச்சது நான். வெடிச்சதுக்கு நீங்க ஓடி வந்தீங்க. நாடாவும் கூடவே ஓடி வந்துச்சா?"

காண்ட்ராக்டர் இருமினார்.

"நீ இருக்கும்போது அளக்க விடுவியா?" என்றார் சமத், குரல் இறங்கி.

"மாட்டேன்."

"அதான்."

ரஹ்தி படுக்கை மூட்டையை அவிழ்த்து விரித்தாள். "நாப்பது நாள் போகாம எவனும் குழாய் மாத்த வர மாட்டான். அதுவரைக்கும் நான் இங்கதான்."

"தண்ணியில்லாம எப்படி இருப்ப?"

"மேல உங்க குழாய் ஓடுதுல்ல? காலைல ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி கொண்டாங்க. பாசத்துக்கு நேரம் காலம் இல்லைன்னீங்களே. சாவியை அங்க வெச்சிட்டுப் போங்க."

சாவி ஜன்னல் மேடையில் விழுந்தது. காண்ட்ராக்டர் எப்போது நழுவினார் என்று தெரியவில்லை. சமத் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றது.

நிறைந்துதான் நின்றதா, பாதியிலேயே நிறுத்திவிட்டாரா? ரஹ்தி படிக்குக் கீழே போய், தலையை நிமிர்த்தி நின்றுகொண்டாள்.