காவடிக்குக் காப்புறுதி இல்லையாம்

அந்த நிமலனப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன். நெத்தியில பட்டையா திருநீறு வேற. பதுளையில முறைப்பாடு விசாரிக்கிற ஆபீஸ்ல கால் மேல கால் போட்டு எதிர்க்கதிரையில உக்காந்திருந்தான். என் வீட்டுக்காரர் தங்கராஜா, கக்கத்துல வைக்கிற கட்டைய மடியில போட்டுக்கிட்டுத் தலையக் குனிஞ்சிருந்தார்.

இன்சூரன்ஸ் போட்டுட்டுப் பழனிக்குப் போன எடத்துல மலைப்படியில விழுந்து இவருக்குத் தொடை எலும்பு முறிஞ்சிருச்சு. அங்க வச்ச கம்பி இப்ப சீழ் புடிச்சுக் கெடக்கு. மாத்துக் கம்பிய வெளிய வாங்கிட்டு வாங்க, இல்லாட்டி காலையே எடுக்கணும்னு பதுளை டாக்டர் சொல்லிட்டார். பழனி ஆஸ்பத்திரிச் செலவ கம்பெனி திருப்பித் தந்தாத்தான் கம்பி.

"விரதமிருந்து காவடி தூக்கினது அவரா தேடிக்கிட்ட ஆபத்து. அதுக்குக் காப்புறுதி இல்ல," அப்படின்னான் நிமலன்.

"மழையில படி வழுக்கிச்சுய்யா! நீயெல்லாம் கதிர்காமம் முருகன் கோயிலுக்குப் போனதே இல்லியா?"ன்னேன் நான்.

"அது என் சொந்த விஷயம்."

நல்லா வருது வாயில. ஆனா அவனச் சொல்லி என்ன? எப்படி விழுந்தீங்கன்னு அந்த ஊரு டாக்டர் கேட்டதுக்கு வழுக்கிருச்சுன்னு சொல்லிட்டுச் சும்மா இருக்கலாம்ல? மூணு வேளை பட்டினி, பால் காவடின்னு இந்த மனுஷன் பெருமையா ஒப்பிச்சிருக்கார். டாக்டரும் அப்படியே எழுதிட்டார்.

உள்ள வர்றதுக்கு முன்னாடியே கெஞ்சினேன், காவடி எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு. "நீ பேச்சு மூச்சில்லாமக் கெடந்தப்ப வச்ச நேர்த்தி பூவம்மா. எப்படிச் சொல்லுவேன்?"ன்னார்.

விசாரிச்ச விஜயலெட்சுமி மேடம் நேராவே கேட்டாங்க. "ஐயா, காவடி எடுத்தீங்களா?"

இவர் மடியில கெடந்த கட்டையையே தடவிக்கிட்டிருந்தார். மேடம் என் பக்கம் திரும்பினாங்க.

"எடுக்கலங்க மேடம். எடுத்தது எங்க தோட்டத்துல பக்கத்து லயத்து வீட்டு ஆளு. இவரு என்கூட வெறுங்கையோட ஏறினாரு. வலியில என்னமோ உளறியிருக்காரு."

நிமலன் மேசையத் தட்டிக் கத்தினான். நானும் கத்தினேன். வேற சாட்சி இருக்கான்னு மேடம் கேட்டதும் அவன் பைலப் பொரட்டினான், டாக்டர் எழுதினதத் தவிர வேற ஒண்ணும் இல்ல. கம்பெனி பணத்தக் கட்டணும்னு முடிவாச்சு.

எங்க தோட்டத்துக்குப் போற ஸ்பிரிங்வெளி பஸ்ஸுக்கு நடந்தப்ப தோளக் கொடுத்தேன். தட்டிவிட்டார். எனக்கு வந்துச்சு பாரு கோவம்!

"நான் பொழைக்கணும்னுதானே நேர்த்தி வச்சீங்க? பொழைச்சிட்டேன். பொழைச்ச வாயாலதான் உங்க கால மீட்டேன். அது பொறுக்கலியா?"

கட்டைய ஊனிக்கிட்டு ரோட்டோரத்துல நின்னார். கண்ணு கலங்கிருச்சு.

"மீட்டுட்ட. அந்தக் கால வச்சுக்கிட்டு இனி எந்தக் கோயில் வாசப்படிடி ஏறுவேன்?"