அவர் கையில் மட்டும் திரும்பாத போன்

என் வீட்டுக்காரர் கையில் இருந்தால், போனைச் சாய்த்தாலும் படம் குறுக்கே திரும்பாது. என் கைக்கு வந்துவிட்டால், சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி உடனே திரும்பும். ஒரு வாரமாக எங்கள் வீட்டில் இந்தக் கூத்துதான் நடந்துகொண்டிருந்தது.

அவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து, அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். காலையிலும் மாலையிலும் கையை ஊன்றி எழுந்து, சுவரில் சாய்ந்து அரைமணி நேரமாவது உட்கார வேண்டும். எலும்பு தாங்கும், பயமில்லை. ஆனால் படுத்தே கிடந்தால் தசையெல்லாம் வலுவிழந்து, அப்புறம் எழுந்து நடப்பது சந்தேகம்தான் என்றார். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிற வேலை. ஆபரேஷனுக்கே இருந்த லீவெல்லாம் தீர்ந்துபோய், காலையில் கிளம்பினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன், உட்கார்ந்தீங்களா என்று. ஓ, உட்கார்ந்து மேட்ச் பார்த்தேனே, இப்பதான் படுத்தேன் என்பார். கூடவே புகாரும் வரும். இந்தப் பாழாய்ப்போன போன் திரும்பவே மாட்டேன் என்கிறது, ஆட்டக்காரன் எறும்பு அளவில் ஓடுகிறான் என்று.

எனக்கு ஒரு கெட்ட குணம். ஒரு பொருள் ஏன் மக்கர் பண்ணுகிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. திரையை மேலிருந்து இழுத்துப் பார்த்தேன். படம் தானாகச் சுழல்வதற்கான பட்டன் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். போனையே அணைத்துப் போட்டேன். அப்டேட் கேட்டது, கொடுத்தேன். கவர் இடைஞ்சல் செய்கிறதோ என்று அதையும் உரித்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான் சாய்த்துப் பார்த்தால் அழகாகத் திரும்பியது. படுத்திருந்த அவர் கையில் கொடுத்தால் கல்லு மாதிரி நின்றது. உனக்கு அதுவும் பயப்படுது போல என்றார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மறுநாள் போனைப் பிடுங்கிக்கொண்டு போய், வழியில் ரிப்பேர் கடையில் நீட்டினேன். கடைக்காரர் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, போன் நல்லாத்தான் இருக்கு, வச்சிருக்கிற ஆளைத்தான் ரிப்பேர் பண்ணணும் என்றார். முணுக்கென்று கோபம் வந்துவிட்டது எனக்கு. ஆளை ஏற்கெனவே பண்ணியாச்சு, நீங்க போனை மட்டும் பாருங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலை மேசையில் போனைக் கிடத்தி ஒரு மேட்சை ஓடவிட்டேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மேசையில் இருந்தபடியே போனை ஒரு விரலால் தட்டு மாதிரி சுற்றினேன். படம் திரும்பவில்லை. மறுபடி சுற்றினேன். ஊகூம். கையில் நிமிர்த்திப் பிடித்துச் சாய்த்தேன், உடனே திரும்பியது. நாற்காலியில் நன்றாகச் சரிந்து, முகத்துக்கு மேலே கூரை மாதிரி போனைப் பிடித்துச் சுற்றினேன். அசையவில்லை. பக்கத்து மேசைக்காரி, உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள்.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. மேலே எது கீழே எது என்று போனுக்கு வேறெப்படித் தெரியும்? எந்த ஓரம் தரைப்பக்கம் இழுக்கப்படுகிறது என்பதை வைத்துத்தான் அது படத்தைத் திருப்புகிறது. மல்லாந்தோ குப்புறவோ கிடந்தால் நாலு ஓரமும் ஒரே உயரம். பாவம், அது எந்தப் பக்கம் திருப்பும்? படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்தால் திரும்பாது. உட்கார்ந்து பிடித்தால் திரும்பும். அவ்வளவுதான் விஷயம். ஒரு வாரத்துப் புதிரை நானே அவிழ்த்துவிட்ட சந்தோஷத்தில் பக்கத்து மேசைக்காரிக்கு இரண்டு தடவை செய்து காட்டினேன்.

மூன்றாவது தடவை செய்யும்போது கை நின்றுவிட்டது. உட்கார்ந்து பிடித்தால் திரும்பும். அவர்தான் தினமும் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறாரே?

டப்பாவை அப்படியே மூடிவிட்டேன். ஒருவேளை உட்கார்ந்தபடி மடியில் கிடத்திப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம்வரை அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். இரண்டு லென்ஸ் பாழாயின.

வீட்டுக்குப் போனதும் போனை அவரிடம் கொடுத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"நேத்து உட்கார்ந்து பார்த்தப்போ போனை எப்படிப் பிடிச்சிருந்தீங்க?"

"எப்படின்னா? மூஞ்சிக்கு நேரா, இப்படித்தான்."

"அப்பவும் திரும்பலையா?"

"ஒரு தடவைகூட திரும்பல. அதைத்தானே ஒரு வாரமா சொல்றேன்."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது கோபம்தான். வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்ததைக் கொட்டித் தீர்த்தேன். போன் எப்படித் திரும்புகிறது, எப்போது திரும்பாது என்று அவர் முகத்துக்கு முன்னாலேயே செய்து காட்டினேன். நீங்க ஒரு நாள்கூட உட்காரலை, என்னை இத்தனை நாளும் ஏமாத்தியிருக்கீங்க, டாக்டர் சொன்னது காதுல விழலையா என்று கத்தினேன். அவர் மறுக்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சொன்னார். வீட்டுக்கு வந்த மறுநாள், நான் வேலைக்குப் போன பிறகு, ஒரே ஒரு தடவை எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வலது கால் மரத்துக்கொண்டே போயிருக்கிறது. தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய காலையோ தொடுவது போல இருந்ததாம். வீட்டில் கூப்பிட ஆளில்லை. பயந்துபோய்ச் சரிந்து படுத்தவர்தான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"படுத்திருக்கிற வரைக்கும், எந்திரிக்க முடியும்னு நினைச்சுக்கலாம். உட்கார்ந்து பார்த்து, முடியலைன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் என்ன பண்றது?"

டாக்டருக்கு போன் போட்டேன். நல்லவேளை, எடுத்தார். உட்கார்ந்ததும் மரத்துப்போவது சிலருக்கு வரும், தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லையென்றால் உடனே அழைத்து வாருங்கள் என்றார்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். அவரும் கையை ஊன்றினார். கட்டில் கிறீச்சிட்டது. உட்கார்ந்ததும் நெற்றி முழுக்க வியர்த்துவிட்டது. முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் வெளுத்தது. மரக்குது, வந்துடுச்சு, படுக்க வை என்றார்.

கால்மாட்டுக்குப் போனேன். வலது காலின் கட்டைவிரலைப் பிடித்தேன். மெதுவாகத் தொட்டுப் பார்க்கத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு வாரத்துப் பொய், பாழாய்ப்போன லென்ஸ், என் கோபம், என் பயம் எல்லாம் விரலுக்கு வந்துவிட்டது. நறுக்கென்று கிள்ளிவிட்டேன்.

"ஐயோ, வலிக்குதுடி!"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மோவாயில் சொட்டியது, துடைக்கவில்லை.

"மறுபடி கிள்ளு" என்றார்.