கேள்விக்குறிகளாகிப்போன கடிதங்கள்

1
இந்தக் கதை என் அக்காவுடையது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ, ஆனா எதையும் தொலைச்சிடாதே" என்றாள். [சிக்கலே அதுதான். ஏதாவது தொலைந்தால்தானே கதை?]

அக்கா குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பதினான்கு ஆண்டுகளாக ஒரு இணையதளமும் நடத்துகிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பிள்ளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் அதில் அவளுக்கு எழுதுவார்கள்; சிலர் பிள்ளைக்கே எழுதுவார்கள். வேறு யாரும் படிக்க முடியாது. நாலாயிரத்துச் சொச்சம் கடிதங்கள்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று மாலை சர்வர் எரிந்து சாம்ப—"

எதுவும் எரியவில்லை. தளம் இயங்கிய பழைய சர்வரை மூடப்போவதாக அதை வாடகைக்கு விட்ட நிறுவனம் ஒரு மாதம் முன்பே தகவல் அனுப்பியிருந்தது. அதற்குள் தளத்தை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். எனக்குத் தீ வேண்டியிருந்தது; அக்காவுக்கு ஒரு விடுமுறை நாள் போதுமாயிருந்தது.

3
[அக்காவைக் கணினி தெரியாத அப்பாவியாக்கிப் பார்த்தேன். படித்துவிட்டு முறைத்தாள். அந்த வரிகளை அடித்துவிட்டேன்.]

கடிதங்கள் சேர்ந்திருக்கும் தரவுத்தளம் வாராவாரம் தானாக நகலாகும்படி அவளே அமைத்திருந்தாள். கடைசி நகலைப் புது இடத்தில் ஏற்றினால் வேலை முடிந்தது என்றேன். அவள் கேட்கவில்லை. வார்டில் ஆக்சிஜன் சிலிண்டர் மூலையில் நிற்கிறது என்பதற்காக யாரும் நம்பிவிடுவதில்லையாம், திறந்து பார்ப்பார்களாம். நகலைத் தன் லேப்டாப்பில் விரித்தாள்.

எண்ணிக்கை சரி. தேதிகள் சரி. தமிழ்தான் இல்லை. ஒவ்வொரு எழுத்தின் இடத்திலும் ஒரு கேள்விக்குறி, பக்கம் பக்கமாக. நகலெடுக்கும் அமைப்பில் தமிழை ஏற்காத எழுத்துமுறை இருந்திருக்கிறது. கைவசமிருந்த எல்லா நகல்களும் அப்படியே.

"பழசு இன்னும் ஓடிட்டுதானே இருக்கு? அதைத் தொடாம மறுபடி எடுப்போம்" என்றாள் அக்கா.

4
புதிதாக யாரும் எழுதாதபடி தளத்தை அரைமணி நேரம் பூட்டினாள். அமைப்பைத் திருத்தி நகலெடுத்தாள். விரித்தாள். தமிழ் வந்தது. அதோடு விடாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது கடிதங்களைப் படித்துப் பார்க்க உட்கார்ந்தாள், என்னை வெளியே அனுப்பிவிட்டு.

"எட்டாவது கடிதத்தில் அவள் கண்கள்—"
[தெரியாது. நான் அங்கே இல்லை.]

வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். "ஒருத்தி என்னைத் திட்டித் தீர்த்திருக்கா. ஒரு எழுத்துக்கூடக் குறையல."

பாஸ்வேர்டு போட்டு மூன்று பிரதிகள் எடுத்தாள். ஒன்று என் வீட்டு பீரோவில் இருக்கிறது. பாஸ்வேர்டை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

5
கதைக்கு எழுதிப் பார்த்த ஒரு முடிவில் எல்லாக் கடிதங்களையும் அழித்தேன். உருக்கமாகத்தான் வந்தது. ஆனால் பொய்.

நடந்தது இது. தளம் இடம் மாறிய மூன்றாம் வாரம் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி எழுதினாள். பிறந்தபோது தான் எழுநூற்றைம்பது கிராமாம். அம்மா அப்போது தினமும் இங்கே எழுதுவாராம். அவற்றைப் படிக்கலாமா? அக்கா அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு, அறுபத்திரண்டு கடிதங்களையும் அனுப்பிவைத்தாள்.

அந்தப் பெண் எங்கே உட்கார்ந்து படித்தாள்? பாதியிலேயே எழுந்து அம்மாவிடம் ஓடினாளா, எல்லாம் முடியும்வரை கதவைச் சாத்திக்கொண்டாளா? பதில் வரவில்லை. "அது அவங்க வீட்டு விஷயம்" என்கிறாள் அக்கா, நிம்மதியாக.

அந்த அம்மாவின் சம்மதத்தோடு எனக்குக் கிடைத்தது ஒரே வரி. முதல் கடிதத்தின் முதல் வரி. உங்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். அந்தப் பெண் படிக்கட்டும், நீங்கள் பாருங்கள்:

"இன்னிக்கு உன் விரலைத் தொட விட்டாங்க."